ஓடுபாதைத் தடுப்பு அமைப்பு

பிரேக் பழுது, ஈரமான ஓடுபாதை, பாதியில் கைவிட்ட புறப்பாடு ஆகிய வேளைகளில் போர் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தரைக் கருவி. ஓடுபாதைக்குக் குறுக்கே கட்டிய எஃகு வடத்தை ரப்பர் வட்டுகள் தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பிடிக்கும். வால்கொக்கி மாட்டியதும் இருபுறச் சுருளிகளிலிருந்து நைலான் பட்டைகள் அவிழும். பிரேக்குகள் அந்தச் சுழற்சியை அடக்கும்.

தொடக்ககால அமைப்புகளில் விமானம் கப்பல் நங்கூரச் சங்கிலிகளை இழுத்துச் சென்றது. அவற்றின் பாரமே வேகத்தைத் தின்றது. அமெரிக்க விமானப்படையின் பிஏகே-12 அமைப்பில் சங்கிலியின் இடத்தைச் சுழல் உராய்வு பிரேக்குகள் பிடித்தன. விமானம் நிற்க ஏறத்தாழ 950 முதல் 1,200 அடி ஆகும். பிஏகே-14 தாங்கிகள், தேவையற்றபோது வடத்தைத் தளப் பள்ளத்துக்குள் இறக்கிவிடும்.

கொக்கியில்லா விமானங்களுக்கு நைலான் வலை உண்டு. இந்தியாவில் அதை உருவாக்கியது ஆக்ராவிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகமான ஏடிஆர்டிஇ.