முப்பத்தெட்டு ஆண்டுச் சேவையும் ஒரு வாக்குறுதியும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்துக்காகப் படித்த காலத்தில் நான் அருணாசலம் விடுதியில் தங்கியிருந்தேன். அந்தப் பெயருக்குரியவர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார் என்று அப்போது எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய நிலை என் ஐம்பதுகளில்தான் வந்தது.

2023ஆம் ஆண்டின் இறுதியில், நான் பணியாற்றும் பத்திரிகையில் ஆசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. மெய்ப்புப் பார்ப்பதில் தொடங்கி ஆசிரிய தலையங்கம் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே எழுதியவன் நான். பதவி, என்னிடம் செய்தி எழுதப் பழகிய ஒருவருக்குச் சென்றது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நிர்வாகம் என்னிடம் ஒரு வார்த்தையேனும் கூறாமல் அறிவித்தற் பலகையில் கடிதத்தை ஒட்டிவிட்டதே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அன்றிரவே இராஜினாமாக் கடிதம் எழுதி மேசை லாச்சியில் வைத்தேன். மறுவாரம், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் நூறாவது நினைவு தினத்துக்கான கட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

1853 செப்டெம்பர் 14இல் கொழும்பில் பிறந்து, கொழும்பு அக்கடமியிலும் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் கற்றவர் அருணாசலம். 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையின் மூலம் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. ஆனால் பரீட்சை திறந்திருந்த அளவுக்குச் சேவை திறந்திருக்கவில்லை. அரசாங்க அதிபர், குடியேற்றநாட்டுச் செயலாளர் போன்ற உயர்பதவிகள் நடைமுறையில் ஐரோப்பியருக்கே ஒதுங்கியிருந்தன. இலங்கையர் பெரும்பாலும் நீதிமன்றப் பக்கமே அனுப்பப்பட்டனர். அருணாசலமும் ஊர் ஊராக மாற்றம் பெற்று நீதவானாகவும் நீதிபதியாகவும் கடமையாற்றினார். தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் காலத்தில்தான் அவரது ஆற்றல் மதிக்கப்பட்டுப் பதிவாளர் நாயகம் பதவி அவருக்கு வந்தது. அவருக்குப் பின் சேவையில் சேர்ந்த ஆங்கிலேயர் சிலர் மாகாணங்களை ஆண்டபோது, அவர் பதிவேடுகளை ஆண்டுகொண்டிருந்தார்.

அந்தப் பதிவேடுகளை அவர் என்ன செய்தார் என்பதே கவனிக்கத்தக்கது. உறுதிப் பதிவுகளில் நிலவிய சீர்கேட்டை ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை அவரே நடத்தினார். தீவில் 35,65,954 பேர் வாழ்ந்தனர் என்று கணக்கிட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. அவரது அறிக்கை இந்நாட்டு இனங்களின் வரலாறு, மொழி, சமயம், வழக்காறு ஆகியவற்றைக் கூறும் நூலாகவே அமைந்தது. அலுவலகத்துக்கு வெளியே தமிழ்ப் பக்தி நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1906இல் இலங்கை வரலாறு குறித்து நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தையும் முன்னின்று தொடக்கினார். சேவையின் இறுதிக் காலத்தில் சட்டசபையிலும் நிர்வாக சபையிலும் இடம் கிடைத்தது. 1913இல் ஓய்வு பெற்றார். மொத்தம் முப்பத்தெட்டு ஆண்டுகள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபமே வந்தது. இவ்வளவு தகுதி படைத்தவர் இவ்வளவு காலம் ஏன் பொறுத்திருக்க வேண்டும்? ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. 1917இல் ‘நமது அரசியல் தேவைகள்’ என்ற உரையை நிகழ்த்தியதும், அதே ஆண்டில் சீர்திருத்தக் கழகத்தை அமைத்ததும், 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் கண்டதும், அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானதும் எஞ்சிய சில ஆண்டுகளுக்குள்தான். நாற்பது வயதில் வெளியேறியிருந்தால் இந்நாட்டின் அரசியல் முன்னதாகவே விழித்திருக்குமோ என்ற கேள்வி நியாயமானதே. தங்கியிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை அவரும் கொடுத்தார், நாடும் கொடுத்தது.

ஆனால் அதே மனிதர் 1921இல் நடந்துகொண்ட விதம் என்னைச் சிந்திக்க வைத்தது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்தில் வாக்களித்திருந்தனர். அந்த வாக்கை நம்பியே யாழ்ப்பாணத்தவரைக் காங்கிரஸில் இணையுமாறு அருணாசலம் இணங்கச் செய்தார். வாக்கு நிறைவேற்றப்படவில்லை. தாமே முன்னின்று கட்டிய காங்கிரஸிலிருந்து, தலைவராகி இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னரே வெளியேறினார். 1923இல் தமிழருக்கெனத் தனி அமைப்பொன்றைத் தொடங்கினார். 1924 ஜனவரி 9இல் மதுரையில் காலமானார்.

ஒரு நிறுவனத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தவர், மற்றொன்றில் இரண்டு ஆண்டுகூடப் பொறுக்கவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் முன்னதில் இருந்தன, பின்னதில் இல்லை என்று ஒருவர் கூறலாம். அது ஓரளவு உண்மையே. எனினும் எனக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. சிவில் சேவையில் குறைத்து மதிக்கப்பட்டவர் அருணாசலம் என்ற தனிமனிதர். அவரது வேலையை எவராலும் பறிக்க முடியவில்லை. காங்கிரஸிலோ, அவரை நம்பிப் பிறர் ஏற்றுக்கொண்ட வாக்கு முறிந்தது. முன்னதை வேலையால் ஈடுசெய்யலாம். பின்னதற்கு ஈடு கிடையாது.

இந்த அளவுகோலை என் லாச்சியிலிருந்த கடிதத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். என்னைக் குறைத்து மதித்தார்கள், அது மெய். ஆனால் பிரதேசச் செய்திப் பக்கம் இன்னும் என் பொறுப்பில் இருக்கின்றது. செய்திக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை பெற்று எழுதும் நிருபர்களிடம், அந்தப் பக்கம் நிற்காது என்று நான் வாக்களித்திருக்கிறேன். அதை நிறுத்துமாறு இதுவரை எவரும் என்னிடம் கூறவில்லை.

எனவே தங்கிவிட்டேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதிலிருந்த திகதியை மட்டும் வெட்டிவிட்டு, மீண்டும் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.