பெயரெழுதிய ஓவியங்கள்

நடுநிலைப் பள்ளிக் கால அட்டவணையில் ஓவியத்திற்கென்று ஒரு பாடவேளை இருக்கும். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். பெற்றோராகிய நாமும் அதற்காக வருந்துவதில்லை. ஆனால் மற்றப் பாடங்களெல்லாம் தடை செய்யப்பட்ட ஓரிடத்தில், அதே வயதுப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடந்த வரலாறு ஒன்று உண்டு.

செக் நாட்டில், பிராக் நகருக்கு வடக்கே உள்ள தெரெசின் ஒரு பழைய கோட்டை நகர். 1941 நவம்பரில் நாட்சிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக்கினர். பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து தனி விடுதிகளில் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பாடம் கற்பிக்கக் கூடாது என்பது ஆணை. பாட்டுக்கும் கைவேலைக்கும் ஓவியத்துக்கும் மட்டும் இடமிருந்தது. வரைவதால் என்ன வந்துவிடும் என்று அதிகாரிகள் எண்ணினர் போலும்!

1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டவர் ஃப்ரீடில் டிக்கர் பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்து, வைமார் நகரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் யோகான்னஸ் இட்டனிடம் பயின்ற ஓவியர். ஒருவர் ஐம்பது கிலோ சுமையே கொண்டுவரலாம் என்ற நிலையிலும், தம் பங்கில் ஓவியப் பொருள்களுக்கு அவர் இடம் ஒதுக்கினார்.

அவை எத்தனை நாளைக்குப் போதும்? அலுவலகங்களில் எழுதித் தீர்ந்த படிவங்களின் பின்புறமும், பொட்டலம் கட்டிய தாளும் பிள்ளைகளின் ஓவியத்தாள்களாயின. வண்ணம் கிடைக்காதபோது தாளைக் கிழித்தும் வெட்டியும் ஒட்டிப் படம் செய்தனர். கை கூச்சம் நீங்கி ஓடுவதற்காக, தாளக்கட்டுக்கேற்பக் கோடிழுக்கும் பயிற்சி தந்தார். பழைய ஓவிய மேதைகளின் படங்களைக் காட்டி, அவற்றின் ஒளியையும் அமைப்பையும் காணச் செய்தார். அழகாக வரைகிறவரைத் தேர்ந்தெடுப்பது அவர் நோக்கமன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணால் காணவேண்டும் என்பதே. பிள்ளைகள் வரைந்தவற்றில் பூக்களும் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் உண்டு. அடுக்குக் கட்டில்களும் உணவுக்கு நிற்கும் வரிசையும் உண்டு.

ஒன்றை மட்டும் அவர் வற்புறுத்தினார்: படத்தில் தன் பெயரை எழுதவேண்டும். மனிதர்களை எண்களாகப் பதிந்து வண்டியேற்றிய காலத்தில் இது சிறு செயலா?

1944 செப்டம்பர் இறுதியில் கணவர் பாவெல் அனுப்பப்பட்டார். அவரைத் தொடர்ந்து செல்லத் தாமே முன்வந்த ஃப்ரீடில், அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் பிழைத்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

புறப்படுமுன் பிள்ளைகளின் ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி விட்டுச்சென்றிருந்தார். போர் முடிந்தபின், 1945இல், விடுதிப் பொறுப்பாளராயிருந்த வில்லி குரோக் அவற்றைப் பிராக் யூத சமூகத்தாரிடம் சேர்த்தார். ஏறத்தாழ 4,500 ஓவியங்கள். பெயர்கள் இருந்தமையால் வரைந்தோரைத் தேட முடிந்தது. ஏறக்குறைய 660 பேர். அவர்களுள் சுமார் 550 பேர் கொல்லப்பட்டிருந்தனர்.

முன்பு பிராகில் அவரிடம் பயின்ற எடித் கிரேமர், 1938இல் அமெரிக்கா சென்று, ஓவியத்தின் வழியே மனநலம் பேணும் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

அந்த ஓவியங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தின் உடைமை. அவற்றுள் சில பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் மாடியில் காட்சிக்கு உள்ளன. கீழ்த்தளச் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் நாட்டு யூதர்களின் பெயர்களைப் பிறர் எழுதியிருக்கின்றனர். மாடியில் உள்ள பெயர்கள் பிள்ளைகள் தம் கையால் எழுதியவை.