லேயர் எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகிய புதிதில் மரம், வானம், பூனை எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்து வைத்தேன். பூனையின் காதைத் திருத்தலாம் என்று அழித்தால் பின்னால் இருந்த வானமும் சேர்ந்து போய்விட்டது! லேயரை யார்தான் கண்டுபிடித்தார்கள் என்று தேடினால், கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னால் போகிறது.

1914ல் அமெரிக்காவில் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை வைத்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார். ஆயிரக்கணக்கான தாள்கள். கெர்ட்டி கொஞ்சம் தலையை அசைத்தாலும் புதுத் தாள். ஒவ்வொரு தாளிலும் பாறை, ஏரி, மரம் எல்லாம் மறுபடி வரைய வேண்டும். அந்த வேலை ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற உதவியாளர் தலையில் விழுந்தது. (பாவம் மனுஷன்.)

அதே வருடம் டிசம்பரில் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்து அடியில் வைத்துவிட வேண்டும். அசைகிற உருவத்தை மட்டும் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாளில் வரைந்து அதன்மேல் வைக்க வேண்டும். அவ்வளவுதான், லேயர்!

ஆனால் 1990ல் வெளியான போட்டோஷாப் முதல் பதிப்பில் லேயர் கிடையாது. ஒட்டிய படத்தின் தேர்வை விலக்கியதும் அது அடியில் உள்ள படத்தோடு ஒன்றாகிவிடும். 1994ல் 3.0 பதிப்பில்தான் லேயர் வந்தது. பல படிகள் பின்னால் போகும் வசதியோ 1998ல், 5.0ல்தான். இடையில் நான்கு வருடம் ஒரே ஒரு அன்டூவை வைத்துக்கொண்டு வரைந்தவர்களுக்கு லேயர் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

பூனையை இப்போது தனி லேயரில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். காது இன்னும் சரியாக வரவில்லை, வானம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.