பிடில் வாத்தியமும் அதனை வாசிப்போர் இருக்கையும்

சென்ற மாசித் திங்களில் நம் சங்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தன் அன்னையாருடன் நம் இல்லம் போந்தான். ஐந்தாண்டுகளாகப் பிடில் பயின்று வருபவன். அவன் பாட்டனார் வாசித்த கருவியே அவன் கையில் இருக்கின்றது. அயலூர்ப் பள்ளி விழாவொன்றில் அவன் தன் ஆசிரியர் கற்பித்தவாறே தரையிற் சம்மணமிட்டு, பிடிலின் தலைச்சுருளைக் கணுக்காலிற் சார்த்தி வாசித்தான். பரிசளிக்க வந்திருந்த கனவான் ஒருவர், பிடில் நின்றுகொண்டு மோவாயின்கீழ் வைத்து வாசிக்க வேண்டிய கருவி என்றும், காலிற் சார்த்தி வாசித்தல் முறையறியாதார் வழக்கம் என்றும் அவையறியக் கூறினாராம். அன்று மூடிய பெட்டியைச் சிறுவன் பின்னர்த் திறக்கவேயில்லை. "ஐயா, அப்படியானால் தாத்தா வாசித்ததும் தப்புத்தானா?" என்று அவன் வினவியபோது உடனே விடைகூற நமக்கு நா எழவில்லை.

தமிழ் கற்பித்தல் நம் தொழில். இசை நம் தொழிலன்று. ஆயினும் அவ்வினா இசையினும் சரித்திரத்தையே பெரிதும் பற்றியதாகலின், நூல்களைப் புரட்டியும், வித்வான்களை அடுத்திருந்து நோக்கியும் அறிந்தவற்றை அன்பர்கள் முன்னிலையில் வைக்கின்றோம்.

இசைப்போருடைய உடல் எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பது நம் முன்னோர் ஆராயாது விட்ட பொருளன்று. சீவகசிந்தாமணியிற் காந்தருவதத்தை யாழொடு பாடுமிடத்தில், திருத்தக்கதேவர் அவள் குரலின் இனிமையோடு அமையாது, முகத்தில் யாதொரு வேறுபாடும் புலப்படாமையையும் வியந்து பேசுகின்றார். புருவ நெரிப்பில்லை, விழியின் அலைவில்லை, கழுத்தின் வீக்கமில்லை, பல்லும் வெளிப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்திற் பாடுவோர் குற்றம் இருபத்தைந்து என வகுத்தார். அவற்றுட் பல குரலின் குற்றங்களல்ல, உடலின் குற்றங்களே. கழுத்தைக் கோணுதலும், கன்னத்தைச் சுரைக்காய்போற் புடைக்கச் செய்தலும், உறுப்புக்களைப் பரப்புதலும், கண்ணை மூடிக்கொள்ளுதலும் ஆங்குக் கடியப்பட்டன. இக்காலத்து மேடைகளிற் கண்மூடிப் பாடுதல் பக்திக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது; சார்ங்கதேவர் அதனைக் குற்றத்துட் சேர்த்ததற்கு நம் வித்வான்கள் அவரைப் பொறுத்தருள்வாராக.

நிற்க. பிடில் அந்நூல்கள் அறியாத கருவி. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலி தேயத்தில் இன்றைய உருவம் பெற்றது. அதனை மோவாயின்கீழ் வைத்தலே ஆதிமுறை என்று பரிசளித்த கனவான் எண்ணினார் போலும். மேல்நாட்டு நூல்களே அதற்கு இசையவில்லை. ஜெமினியானி என்னும் இத்தாலியப் புலவர் 1751இல் இலண்டன் மாநகரில் வெளியிட்ட நூலிற் பிடிலைக் காறையெலும்பிற்குச் சற்றுக் கீழே சார்த்துமாறு கற்பித்தார். மோவாயைப் பற்றிய பேச்சே ஆண்டில்லை. புகழ்பெற்ற மோட்சார்ட்டின் தந்தையார் லியோபோல்ட் 1756இல் எழுதிய நூலில் இருமுறைகளைக் கூறினார். மார்பளவிற் சாய்த்துப் பிடித்தல் ஒன்று. கழுத்தருகே வைத்து மோவாயின்கீழ் அமைத்தல் மற்றொன்று. முன்னையது காண்பதற்கு அழகியதாயினும், இடக்கை மேலும் கீழும் விரையும்போது கருவிக்குப் பற்றுக்கோடின்மையால் அது நழுவி வீழும் என்று அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஏறக்குறைய 1820இல் ஜெர்மானிய வித்வான் ஷ்போர் என்பவர் மோவாய் வைத்தற்கு ஒரு சிறு கட்டையை அமைத்த பிறகே இன்று நாம் காணும் மேல்நாட்டு நிலை உறுதிப்பட்டது.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவாம். முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவல் பாலுஸ்வாமி தீட்சிதர் 1786இற் பிறந்தவர். சென்னையை அடுத்த மணலியில், அவ்வூர் முதலியார் குடும்பத்தின் ஆதரவில், ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பிடில் பயின்று, நம் இராகங்களை அதில் வாசித்தார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கினார். அக்குடும்பத்து வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியால் இச்செய்தி தெரியவருகின்றது. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவர்களும் இக்கருவியில் வல்லுநராகி, 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவினிடம் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார்.

இங்கே ஆண்டுகளைச் சற்றே ஒப்புநோக்குக. பாலுஸ்வாமி தீட்சிதர் இளமையிற் கற்ற நாளில் ஷ்போரின் கட்டை தோன்றியிருக்கவில்லை. மேல்நாட்டாரே தம் பிடிலை எங்கே வைப்பதென ஒரு முடிவிற்கு வந்துகொண்டிருந்த காலம் அது. முடிந்த முறையொன்றை நம்மவர் பிழைபடக் கற்றனர் என்பார் கூற்று அதனால் வலியிழக்கின்றது.

நம்மவர் இருக்கை எத்தகையது? வித்வான் சம்மணமிட்டு அமர்ந்து வலக்காலைச் சிறிது முன்னே செலுத்துகின்றார். பிடிலின் அடிப்பாகம் இடத்தோளிற்கும் மார்பிற்கும் இடையே பொருந்துகின்றது; தலைச்சுருள் வலக்கணுக்காலில் ஊன்றுகின்றது. இருபுறமும் தாங்கப்பட்டமையின் கருவியின் சுமையில் இம்மியும் இடக்கையின்மேல் இல்லை. அந்தக் கை செய்ய வேண்டிய தொழிலோ பெரிது. மேல்நாட்டுச் சங்கீதத்திற் சுரங்கள் பெரும்பாலும் தத்தம் இடத்தில் நிற்பன. விரலைத் தூக்கி வைத்தால் அமையும். நம் சங்கீதத்திற் சுரம் அசைந்தே உயிர்க்கின்றது. தோடியிற் காந்தாரத்தை அசையாது நிறுத்தினால் அது தோடியாகாது. ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே அது ஊசலாட வேண்டும். அதற்கு விரல் தந்தியை விடாது வழுக்கியோட வேண்டும். வித்வான்கள் விரலிற் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதன் காரணம் இதுவே. லியோபோல்ட் கண்ட குறை, கை விரையுங்கால் கருவி நழுவுதல். மேல்நாட்டார் மோவாயைக் கொண்டு அதனைத் தீர்த்தனர். நம்மவர் காலைக் கொண்டு தீர்த்தனர். நோய் ஒன்று, மருந்து இரண்டு.

நம் சபைகளிற் பாடகரும் மிருதங்கம் வாசிப்போரும் தரையில் அமர்வாராக, பக்கவாத்தியக்காரர் மட்டும் நிமிர்ந்து நிற்றல் மரியாதையன்று என்பதும் இவ்விருக்கைக்கு ஒரு காரணமாகலாம் என்று நாம் கருதுகின்றோம்.

இருக்கை ஒன்றே சரியென வாதிப்பதும் நம் கருத்தன்று. நம்மவருள்ளும் வேறுபாடு உண்டு. காரைக்குடி வீணைச் சகோதரருள் மூத்தவராகிய சுப்பராமையர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். இளையவராகிய சாம்பசிவையர் கிடத்தி வாசித்தார். ஒரே இல்லம், ஒரே வழி, ஒரே மேடை. இசையிற் பிளவு நேரவில்லை. மேலும் நம் பிடிலிருக்கைக்குக் குறைகளும் உள. கருவி கீழ்நோக்கிச் சாய்வதால் வில்லின் கனம் தானாகத் தந்தியிற் படிவது குறைவு. வலக்கையே அழுத்தம் கொடுக்க வேண்டும். இருபது வயதில் மூன்று மணிநேரம் அமர்ந்தவருக்கு அறுபதில் முழங்காலும் முதுகும் கணக்குக் கேட்கும்.

1967இல் நியூயார்க் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நாள் விழாவில் மெனுஹின் என்னும் பிடில் மேதை, சிதார் வித்வான் ரவிசங்கருடன் இணைந்து வாசித்தார். அவர் ரவிசங்கரைப்போலவே மேடைத்தரையிற் சம்மணமிட்டிருந்தார். பிடிலையோ தம் வழக்கப்படி மோவாயின்கீழேயே வைத்திருந்தார். முறையறியாதவர் என்று அவரை யாரும் கூறிற்றிலர்.

இவற்றையெல்லாம் சிறுவனுக்குச் சொன்னோம். ஆண்டுக்கணக்கில் அவன் மனம் செல்லவில்லை. லியோபோல்டின் பிடில் நழுவிய செய்தி மட்டும் அவனைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஞாயிறன்று பெட்டியுடன் வந்தான். நம் முன்றிலில் நின்றவாறே பிடிலை மோவாயின்கீழ் வைத்துத் தோடி வாசிக்கத் தொடங்கினான். காந்தாரத்தை அசைத்தபோது கருவி தோளினின்று வழுக்கிற்று, அன்னையார் பதறி எழுந்தனர், அவனே பிடித்துக்கொண்டான். பழகாத தோளாகலின் இதனை நாம் ஒரு சான்றாகக் கொள்ளோம். அவன் நகைத்துக்கொண்டே பாயை விரித்து அமர்ந்தான். தலைச்சுருளைக் கணுக்காலில் வைத்து, எண்ணெய்க் கிண்ணம் வேண்டுமென்று அன்னையாரைக் கேட்டான்.