மூன்று அணுக்களின் வரலாறு

ஒன்பது ஆண்டு உழைப்பில் கிட்டியவை மூன்றே அணுக்கள். அவையும் நொடிப்பொழுதும் நில்லாது சிதைந்தவை. 113-ஆம் தனிமத்தின் இவ்வரலாற்றை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அதன் முதல் ஏடு தோல்வியால் எழுதப்பெற்றது. இலங்கையில் கிடைத்த தோரியனைட்டு என்னும் கனிமத்தை இலண்டனில் ஆராய்ந்த மசதாகா ஒகாவா, 43-ஆம் தனிமத்தைக் கண்டதாக 1908-இல் அறிவித்தார். தம் தாயகமாம் சப்பானின் பெயரால் அதனை 'நிப்போனியம்' என்றழைத்தார். பிறரால் அதனை மீண்டும் காண இயலாமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. அவர் கண்டது 75-ஆம் தனிமமே என்பது, அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தே தெளிவாயிற்று. பொருளைக் கண்டும் அதன் இடத்தைத் தவறவிட்டார் அவர்.

1945 நவம்பரில் இன்னோர் இழப்பு நேர்ந்தது. தோக்கியோவிலிருந்த ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் யோஷியோ நிஷினா எழுப்பிய சைக்ளோட்ரான்களை அமெரிக்கப் படையினர் பிரித்தெடுத்துக் கடலில் எறிந்தனர்.

அதே நிறுவனத்தின் கோசுகே மொரிதா குழுவினர் 2003-இல் 113-ஐத் தேடத் தொடங்கினர். 30 புரோட்டான்கள் கொண்ட துத்தநாக அணுக்கருக்களை, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு விரைவுடன், 83 புரோட்டான்கள் கொண்ட பிஸ்மத்தின்மீது மோதச்செய்தனர். முப்பதும் எண்பத்து மூன்றும் நூற்றுப்பதின்மூன்று. கணக்கு எளிது, செயலோ அரிது. நேர்மின்னேற்றமுடைய இரு கருக்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். விரைவு குறைந்தால் அவை ஒன்றையொன்று தொடா. மிகுந்தால் கூடிய கரு மிகையாற்றலால் பிளவுறும். தொட்டவற்றுள்ளும் பெரும்பாலானவை முழுதும் கலக்குமுன்னரே பிரிந்துபோம். மிக அரிதாய் ஒன்று மட்டும், ஒரு நியூட்ரானை வெளியேற்றித் தணிந்து, புதுக் கருவாகும்.

2004 ஜூலை 23-இல் முதல் அணு. 2005 ஏப்ரல் 2-இல் இரண்டாவது. இரண்டும் நான்கு ஆல்பா துகள்களை அடுத்தடுத்து உமிழ்ந்தபின் தாமே பிளந்தன. சான்று போதாது என்று பன்னாட்டு நடுவர் குழு 2011-இல் உரைத்தது. ஆய்வாளர்கள் தம் தேடலைக் கைவிடவில்லை. 2012 ஆகஸ்ட் 12-இல் தோன்றிய மூன்றாம் அணு, ஆறு ஆல்பா துகள்களை உமிழ்ந்து, முன்பே அறியப்பட்ட மெண்டலீவியத்தில் வந்து நின்றது. சங்கிலியின் கண்ணிகள் பொருந்தின. 2015 டிசம்பரில் கண்டுபிடிப்பின் உரிமை சப்பானுக்கு வழங்கப்பெற்றது.

ஒருமுறை வழங்கி நீங்கிய பெயரை வேறு தனிமத்திற்குச் சூட்டலாகாது என்பது விதி. ஆகவே 'நிப்போனியம்' மீளவில்லை. அதே நாட்டைச் சுட்டும் 'நிகோனியம்' 2016 நவம்பரில் உறுதியாயிற்று. 'போதாது' என்ற தீர்ப்பைக் கேட்டபின்னும் காத்திருந்து சான்று தேடுவோர் நம்மில் எத்தனை பேர்? ஒகாவாவின் பிழையை மறைக்காமலே அவர் கனவை நிறைவேற்றியது அந்தப் பொறுமையன்றோ!