தண்டவாளத்துக்குள் ஒளிந்திருந்த விரிசல்

மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம், இல்லையா? கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. ஒரு பொருளை உடைக்காமலே அதன் உள்நிலையை அறிவது அவ்வளவு பழைய வழக்கம். ஆனால், ரயில் தண்டவாளத்துக்கு அப்படியொரு சோதனை வந்ததற்குப் பின்னால் உயிர்ப்பலி இருக்கிறது.

1911 ஆகஸ்ட் 25. இடம் மான்செஸ்டர். இங்கிலாந்து மான்செஸ்டர் என்று எழுதிவிடாதீர்கள். இது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஊர். பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலின் கீழே தண்டவாளம் உடைந்தது. பெட்டிகள் பாலத்திலிருந்து விழுந்தன. 29 பேர் இறந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முதியவர்கள் பலர் அந்த ரயிலில் இருந்தார்கள்.

உடைந்த துண்டுகளை ஜேம்ஸ் ஹாவர்ட் என்ற பொறியாளர் ஆராய்ந்தார். எஃகின் உள்ளே குறுக்கு விரிசல்கள்! வெளியே ஒரு கீறல்கூட தெரியாது. சக்கரங்கள் ஏற ஏற, விரிசல் உள்ளேயே வளர்ந்துகொண்டு போகும். அப்படியென்றால், ஆட்களை அனுப்பித் தினமும் பார்க்கச் சொன்னாலும் என்ன பயன்?

இதற்கு வழி கண்டவர் எல்மர் ஸ்பெர்ரி. கப்பல்களுக்கான சுழல்திசைகாட்டியால் புகழ்பெற்றவர். தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சினால், அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பது உங்கள் பாடநூலில் உள்ளதுதான். வழியில் குறுக்கு விரிசல் இருந்தால் மின்னோட்டம் சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும். அந்த இடத்தில் காந்தப்புலமும் குலையும். மேலே நகரும் கம்பிச்சுருள் அதை உணர்ந்துவிடும். 1928இல் இந்த ஏற்பாட்டுடன் ஒரு சோதனை வண்டி தண்டவாளத்தில் ஓடியது. பழுதான இடத்தில் வண்டியே சாயம் தெளித்துவிட்டுப் போகும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது!

ஆனால், நீளவாக்கில் ஓடும் மின்னோட்டத்தை நீளவாக்கு விரிசல் அதிகம் தடுக்காது. அதனால் அந்த வகை தப்பித்துவிடும். இங்கேதான் மீயொலி வருகிறது. சோவியத் ஒன்றியத்தின் சோகோலோவ் 1920களின் கடைசியிலேயே உலோகத்தின் ஒரு பக்கம் ஒலியலையைச் செலுத்தி மறுபக்கம் பெறும் யோசனையைச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால், கட்டைகள்மேல் கிடக்கும் தண்டவாளத்துக்கு மறுபக்கம் எங்கே கிடைக்கும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1940இல் காப்புரிமை கேட்ட கருவிக்கு ஒரு பக்கமே போதும். சிறு ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கும். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் போகும். எதிரொலி சீக்கிரம் திரும்பினால் நடுவில் ஏதோ மறிக்கிறது என்று பொருள்.

தேர்வில் இவ்விரண்டையும் ஒப்பிடச் சொன்னால், “மீயொலியே சிறந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். மேற்பரப்பில் நுண்விரிசல்கள் அடர்ந்திருந்தால் ஒலியலை அங்கேயே சிதறிவிடும். அடியில் இருப்பது மறைந்துபோகும். மேற்பரப்பைப் பார்க்க மின்காந்த முறை இன்றும் கைகொடுக்கிறது.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2000 அக்டோபர் 17, இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு. மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயிலின் கீழே தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. 4 பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளம் மோசமாக இருப்பது விபத்துக்குப் பல மாதங்கள் முன்பே தெரிந்திருந்தது. மாற்றத்தான் இல்லை.