வில்லாளர் பட்டும் புனிதர் பேழையும்

முற்கால அரசர்கள் உடுத்திய பட்டாடைகள் பெரும்பாலும் மக்கி மண்ணாகிவிட்டன. எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பட்டுத்துணிகள் சில ஐரோப்பாவில் இன்றும் எஞ்சியுள்ளன. புனிதர்களின் எலும்புகளைப் பொதிந்து ஆலயப் பேழைகளில் வைக்கப்பட்டதாலேயே அவற்றுள் பல அழிவுக்குத் தப்பின. அவற்றுள் சிலவற்றில் நாம் காண்பதோ, குதிரைமீதமர்ந்து வில் வளைக்கும் வேட்டைக்காரர்களை!

செருமனியின் கொலோன் நகரில், 7ஆம் நூற்றாண்டில் அங்கு ஆயராக விளங்கிய புனித குனிபெர்ட்டின் ஆலயத்தில் இத்தகைய பட்டு ஒன்று காக்கப்பட்டு வந்தது. காட்டுக்கழுதையின்மேல் பாய்ந்த சிங்கத்தையும் அக்கழுதையையும் ஒரே அம்பால் வீழ்த்தியதாகக் கூறப்படும் பாரசீக மன்னன் பஹ்ராம் கூரின் கதையே அதில் நெய்யப்பட்டுள்ளது. கி.பி. 420 முதல் 438 வரை ஆண்ட சாசானிய மன்னன் ஐந்தாம் பஹ்ராமே அவன். ‘கூர்’ என்னும் பட்டப்பெயருக்குக் காட்டுக்கழுதை என்பதே பொருள். மிலான் நகரின் புனித அம்புரோசியார் ஆலயத்திலும் இவ்வேட்டையைக் காட்டும் பட்டு கிடைத்துள்ளது.

இவ்வகைப் பட்டுகளில் ஒரே வில்லாளன் ஆடியில் தெரியும் நிழல்போல எதிரெதிராக இருமுறை தோன்றுகிறான். இதற்கு நெசவு முறையே காரணம். பாதி உருவத்துக்கு மட்டும் தறியில் நூல்களை அமைத்துக்கொண்டு, அதையே திருப்பி நெய்தால் மறுபாதி கிடைத்துவிடும். ஆகவே ஒருவன் வலக்கையால் நாணை இழுத்தால், மற்றவன் இடக்கையால் இழுப்பான்.

இவ்வேட்டையுருவம் கிழக்கேயும் பயணம் செய்தது. சப்பானின் நாரா பகுதியில் உள்ள ஹோர்யூஜி என்னும் புத்தமடத்துப் பட்டில், நான்கு வீரர்கள் சிறகு முளைத்த குதிரைகளில் விரைந்தவாறே பின்புறம் திரும்பிச் சிங்கங்கள்மீது அம்பு எய்கின்றனர். உருவம் பாரசீக மரபினது; குதிரைகளின் தொடைகளிலோ ‘மலை’, ‘மங்கலம்’ எனப் பொருள்படும் சீன எழுத்துகள் உள்ளன. ஒரே வேட்டையுருவம் இரு சமயங்களின் கருவூலங்களிலும் இடம்பெற்றுவிட்டது.

மன்னனின் வேட்டைக்கும் புனிதரின் எலும்புக்கும் என்ன உறவு? அக்காலத்தார் உருவத்தின் கதையைவிடத் துணியின் அருமையையே பெரிதாகக் கருதினர் எனலாம். தம்மிடம் உள்ளவற்றுள் மிக உயர்ந்ததைப் புனிதருக்கு அளிப்பதே அவர்கள் நோக்கம்.

ஆயினும், இப்பட்டுகளுக்கு முன்பே மற்றொரு குரலும் எழுந்தது. கி.பி. 400 அளவில் ஆசியா மைனரின் அமாசேயா நகர ஆயராயிருந்த அஸ்தேரியுஸ், செல்வனும் இலாசரும் பற்றிய மறையுரையில், விலங்குகளும் வேட்டைக்காரரும் நெய்த ஆடைகளை உடுத்தித் திரிந்த செல்வரைக் கடிந்துரைத்தார். நற்செய்திக் காட்சிகளை ஆடையில் அணிந்த பக்தர்களையும் அவர் விடவில்லை. முடக்குவாதமுற்றவனை ஆடையில் சுமப்பதைவிட, படுக்கையில் கிடக்கும் நோயாளியைத் தேடிச் செல்வதே மேல் என்பது அவர் கருத்து.

மாண்டவரைப் போர்த்திய பட்டு வரலாற்றுக்கு அரிய சான்றாகிவிட்டது. அதை நெய்தவரின் கைத்திறனை நாம் போற்றத்தான் வேண்டும். ஆனால் அஸ்தேரியுசின் சொல் கேட்டு எவரேனும் ஓர் ஏழையைப் போர்த்தியிருந்தால், அத்துணி எந்தப் பேழையிலும் எஞ்சியிராது. குளிரிலும் மழையிலும் உழைத்துத் தேய்ந்தே அது தன் கடமையை முடித்திருக்கும்.